சுழற்காற்றை அளந்த ஃபுஜிட்டா

குழந்தைகளே! கோடை விடுமுறையில், உச்சிவெயில் நேரத்தில், வெட்ட வெளியில் புழுதியும் சருகும் ஒன்றாகச் சேர்ந்து சுழன்று எழுவதைப் பார்த்திருப்பீர்கள். ஊர்ப்பக்கம் அதைப் பேய்க்காற்று என்பார்கள். சின்ன வயதில் அதன் நடுவில் ஓடிப்போய் நின்று, கண் நிறைய மண்ணோடு வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்! அந்தக் காற்று சூடான தரையிலிருந்து எழும்பும். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும்.

இன்னொரு சுழற்காற்று இருக்கிறது. இடிமேகத்தின் அடிவயிற்றிலிருந்து யானையின் தும்பிக்கைபோல் தொங்கி, தரையைத் தொட்டபடியே நகரும். அதன் பெயர் டொர்னாடோ. நம் வங்கக் கடலில் வரும் புயலோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம் கொண்டது. வருவதற்கு முன்பே நாள்கணக்கில் வானொலியும் தொலைக்காட்சியும் எச்சரித்துக்கொண்டிருக்கும். டொர்னாடோவோ பெரும்பாலும் சில நூறு மீட்டர் அகலம்தான். சில நிமிடங்களில் வந்து போய்விடும். ஆனால், தரையில் வீசும் காற்றிலேயே மிக வேகமானது அதற்குள்தான் இருக்கிறது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டொர்னாடோக்கள் பதிவாகின்றன. நம் பக்கத்து நாடான வங்கதேசத்திலும் உண்டு. 1989 ஏப்ரல் 26 அன்று அங்கே வீசிய ஒரே டொர்னாடோவில் சுமார் 1,300 பேர் இறந்தார்கள்.

இப்போது ஒரு கேள்வி. டொர்னாடோவின் வேகத்தை எப்படி அளப்பது? காற்றின் வேகத்தை அளக்க, கிண்ணங்கள் சுழலும் காற்றுமானி என்ற கருவி உண்டு. ஆனால் அதை எந்த ஊரில், எந்தத் தெருவில் போய் வைப்பீர்கள்? தவறிப்போய் டொர்னாடோ அந்தத் தெரு வழியாகவே வந்தாலும், கருவியைக் கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு போய்விடுமே!

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர்தான் டெட்சுயா ஃபுஜிட்டா. காற்று போன பிறகு, அது எதை எதை எப்படி உடைத்துவிட்டுப் போயிருக்கிறது என்று பார்த்து, வேகத்தைக் கணக்கிடும் வழி அது.

ஜப்பானின் தெற்கே உள்ள கியூஷு தீவில், 1920 அக்டோபர் 23 அன்று ஃபுஜிட்டா பிறந்தார். அவருடைய அப்பா ஒரு பள்ளி ஆசிரியர். (கேட்டதுமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது!) பள்ளிப் படிப்பு முடிகிற சமயம், ஹிரோஷிமாவில் உள்ள கல்லூரியில் சேர ஃபுஜிட்டாவுக்கு ஆசை. அப்பாவோ, சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே இருந்த மெய்ஜி தொழில்நுட்பக் கல்லூரியில்தான் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டார். 1939ல் அப்பா காலமானார். அவர் விருப்பப்படியே உள்ளூர்க் கல்லூரியில் சேர்ந்த ஃபுஜிட்டா, 1943ல் இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்று, அங்கேயே ஆசிரியராகவும் ஆனார்.

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமா மீது அணுகுண்டு போடப்பட்டது. அங்கே படிக்கப் போயிருந்தால் தான் உயிரோடு இருந்திருக்க முடியாது என்று பிற்காலத்தில் ஃபுஜிட்டா நினைத்துக்கொள்வாராம்.

இதோடு முடியவில்லை. மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 9 அன்று, இரண்டாவது குண்டோடு ஒரு விமானம் வந்தது. அது குறிவைத்து வந்தது கோகுரா நகரத்தை. ஃபுஜிட்டாவின் கல்லூரி அந்த வட்டாரத்தில்தான் இருந்தது. விமானம் மூன்று முறை நகரத்தின் மேல் வந்து பார்த்தது. மேகமும் புகையும் மூடியிருந்ததால் கீழே எதுவும் தெரியவில்லை. விமானம் திரும்பி நாகசாகிக்குப் போனது. அங்கே குண்டு விழுந்தது. ஒரு மேகத்தால் ஒரு நகரம் தப்பியது. இன்னொரு நகரம் அழிந்தது. இதைப் படிக்கும்போது யாருக்காக மகிழ்வது, யாருக்காக வருந்துவது என்றே எனக்குத் தெரியவில்லை.

சில வாரங்களுக்குப் பிறகு, சேதத்தை ஆராய ஃபுஜிட்டா நாகசாகிக்கும் ஹிரோஷிமாவுக்கும் போனார். குண்டு எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் வெடித்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். நாகசாகியின் கல்லறைத் தோட்டத்தில், பூ வைப்பதற்காக மூங்கில் குழாய்களை நட்டு வைத்திருந்தார்கள். குண்டின் வெப்பம் ஒவ்வொரு குழாயிலும் ஒரு பக்கத்தை மட்டும் கருக்கியிருந்தது. எந்தக் குழாய் எந்தப் பக்கம், எந்தச் சாய்வில் கருகியிருக்கிறது என்று பார்த்து, அந்தத் திசையில் கோடு இழுத்தார். பல குழாய்களின் கோடுகள் வானத்தில் எங்கே சந்திக்கின்றனவோ, அங்கேதான் குண்டு வெடித்தது! இன்னொன்றையும் கவனித்தார். குண்டுக்கு நேர் கீழே இருந்த மரங்கள் கருகினாலும் நின்றுகொண்டே இருந்தன. சற்றுத் தள்ளியிருந்த மரங்களோ நான்கு பக்கமும் வெளிப்புறமாகச் சாய்ந்து கிடந்தன. இது அவர் மனத்தில் பதிந்துவிட்டது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

போர் முடிந்த ஜப்பானில் ஆராய்ச்சிக்குப் பணமும் இல்லை, கருவியும் இல்லை. ஆனால் இடிமழைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லையே! 1947ல் செஃபுரி மலையில் இருந்த வானிலை நிலையத்தில் ஓர் இடிமழையின் காற்றழுத்தப் பதிவுகளை ஆராய்ந்தார். இடிமேகத்துக்குள் காற்று மேலே ஏறுவதோடு, கீழ்நோக்கியும் பாய்கிறது என்று கண்டுபிடித்தார்.

அதே மலையில் அமெரிக்கப் படையின் ரேடார் நிலையம் ஒன்று இருந்தது. அங்கே குப்பைக் கூடையில் போடப்பட்ட ஓர் அறிக்கை ஃபுஜிட்டாவின் கைக்கு வந்து சேர்ந்தது. சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹொரேஸ் பையர்ஸ் எழுதியது. விமானங்களையும் ரேடார்களையும் வைத்துக்கொண்டு அமெரிக்கர்கள் கண்டுபிடித்ததும், இவர் மலைமேல் கண்டுபிடித்ததும் ஒன்றாக இருந்தன! ஃபுஜிட்டா ஓர் ஆங்கிலத் தட்டச்சுப் பொறியை வாங்கினார். தன் கட்டுரையைத் தானே ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து பையர்ஸுக்குத் தபாலில் அனுப்பினார். பையர்ஸ் வியந்துபோய் அவரைச் சிகாகோவுக்கு அழைத்தார். 1953ல் ஃபுஜிட்டா அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்.

1957 ஜூன் 20 அன்று வடக்கு டகோட்டா மாநிலத்தின் ஃபார்கோ நகரத்தை டொர்னாடோ தாக்கியது. வீடுகள் நொறுங்கின, குழந்தைகள் உள்பட பலர் இறந்தார்கள். சேதத்தைப் பார்க்க வந்த ஃபுஜிட்டா, ஊர் மக்கள் நிறையப் பேர் அந்தக் காற்றைப் புகைப்படம் எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் துள்ளிக் குதித்தார். நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்தார். சேர்த்தது பெரிதல்ல, அதற்குப் பிறகு செய்த வேலைதான் பெரிது. படத்தின் முன்பக்கத்தில் தெரியும் கூரை, மின்கம்பம், மரம் ஆகியவற்றை அடையாளம் வைத்து, படம் எடுத்தவர் எந்த இடத்தில் நின்றிருப்பார் என்று கண்டுபிடித்தார். அங்கிருந்து கோணத்தை அளந்தார். இப்படி அளந்து அளந்து, மேகத்தின் உயரம், அகலம், சுழன்ற விதம் எல்லாவற்றையும் நிமிடவாரியாக வரிசைப்படுத்தினார். ஒரே இடிமேகத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து டொர்னாடோக்கள் இறங்கியிருந்தன என்று தெரிந்தது. அந்த ஆய்வு 1960ல் வெளியானது. டொர்னாடோ இறங்கும் மேகத்தின் பாகங்களுக்கு அவர் வைத்த பெயர்களையே இன்றும் வானிலை அறிஞர்கள் சொல்கிறார்கள்.

கூட்டல் கணக்கில் விடை மட்டும் எழுதி, வழிமுறையை எழுதாமல் என்னிடம் நோட்டை நீட்டும் பிள்ளைகளுக்கு, இனி இவர் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

டொர்னாடோ போன ஊரில் ஒரு புதிர் எப்போதும் இருக்கும். ஒரு வீடு தரைமட்டமாகக் கிடக்கும். அடுத்த வீட்டில் பூந்தொட்டிகூட அசையாமல் இருக்கும்! இது எப்படி?

1965 ஏப்ரலில் ஒரே நாளில் பல டொர்னாடோக்கள் வீசி 250க்கும் அதிகமானோர் இறந்தபோது, ஃபுஜிட்டா விமானத்தில் ஏறி, காற்று போன பாதைகளின் மேலேயே பறந்து படம் எடுத்தார். வயல்களில் வளையம் வளையமாக, சிக்குக்கோலம் போலத் தடங்கள் தெரிந்தன. கனமான பொருள் எதையோ காற்று இழுத்துப்போன கீறல் அது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். அந்தத் தடம் கீறலே அல்ல, சோளத்தட்டைகளும் குப்பையும் வளைவாகக் குவிந்த வரிசை என்று ஃபுஜிட்டா கண்டுபிடித்தார். அப்படியானால், பெரிய சுழலுக்குள் சின்னச் சின்னச் சுழல்கள் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். பொருட்காட்சியில் கிண்ண ராட்டினம் பார்த்திருக்கிறீர்களா? ராட்டினமும் சுற்றும், அதன்மேல் உட்காரும் கிண்ணமும் தனியாகச் சுற்றும். இரண்டு வேகமும் ஒரே பக்கமாகச் சேரும் இடத்தில் உங்களுக்குத் தலை கிறுகிறுக்கும் அல்லவா? டொர்னாடோவும் அப்படித்தான். சின்னச் சுழல் எந்த வீட்டின் மேல் போகிறதோ அந்த வீடு போயிற்று. 1970 மே 11 அன்று டெக்சாஸ் மாநிலத்தின் லப்பக் நகரில் 26 பேர் இறந்தார்கள். ஃபுஜிட்டா வரைபடம் போட்டுப் பார்த்தார். பெரும்பாலான சாவுகள் அந்தச் சின்னச் சுழல்கள் போன தடத்தில்தான் நிகழ்ந்திருந்தன.

அதுவரை டொர்னாடோக்களைப் பதிவு செய்தவர்கள், எத்தனை வந்தன என்று எண்ணிக்கை போட்டார்கள். மரக்கிளையை முறித்ததும் ஒன்று, ஊரையே வழித்ததும் ஒன்று. வகுப்பில் நூறு வாங்கியவனுக்கும் பத்து வாங்கியவனுக்கும் 'தேர்வு எழுதினான்' என்று மட்டும் குறிப்பு எழுதினால் எப்படி இருக்கும்! 1971ல் ஃபுஜிட்டா ஓர் அளவுகோலை வெளியிட்டார். கிளை முறிந்து, புகைபோக்கி சேதமானால் எஃப்-0. கூரையின் மேற்பரப்பு உரிந்தால் எஃப்-1. கூரையே பறந்துபோனால் எஃப்-2. கூரையோடு சில சுவர்களும் போனால் எஃப்-3. நன்றாகக் கட்டிய வீடு தரைமட்டமானால் எஃப்-4. உறுதியான வீடே அடித்தளத்திலிருந்து பெயர்ந்து அடித்துக்கொண்டு போனால் எஃப்-5. ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வேகம். எஃப்-5க்கு அவர் சொன்னது மணிக்கு 420 முதல் 512 கிலோமீட்டர் வரை.

கருவி வேண்டாம், பார்த்து எழுதத் தெரிந்த ஆள் போதும். அதனால் பழைய காற்றுகளுக்கும் மதிப்பெண் போட முடிந்தது! மாணவர்களை வேலைக்கு அமர்த்தி, பழைய செய்தித்தாள்களைப் புரட்டி, 1950 முதல் வந்த டொர்னாடோக்களுக்கெல்லாம் எண் கொடுக்கச் செய்தார்கள். எதற்குத் தெரியுமா? அணுமின் நிலையம் கட்டுகிறவர்கள், எவ்வளவு பெரிய காற்றைத் தாங்கும்படி கட்ட வேண்டும் என்று தெரிந்துகொள்ள அந்தக் கணக்கைக் கேட்டார்கள்.

1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில், சுமார் 24 மணி நேரத்துக்குள் 13 மாநிலங்களில் 148 டொர்னாடோக்கள் வீசின. 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஃபுஜிட்டாவும் அவர் குழுவினரும் விமானத்தில் பறந்தும் தரையில் நடந்தும் அத்தனையின் பாதையையும் ஒரே வரைபடத்தில் கொண்டுவந்தார்கள். ஒஹாயோ மாநிலத்தின் ஜீனியா நகரம்தான் மிக மோசமாக அடிபட்டது. அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் அன்று வகுப்புகள் முடிந்துவிட்டன. சில மாணவர்கள் மட்டும் மேடையில் நாடக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மாணவி காற்றைப் பார்த்துவிட்டுக் கத்த, எல்லாரும் கட்டடத்தின் நடுத்தாழ்வாரத்துக்கு ஓடிப்போய்ப் படுத்துக்கொண்டார்கள். காற்று அடங்கி எழுந்து பார்த்தால், அவர்கள் நின்றிருந்த மேடையின் மேல் பள்ளிப் பேருந்து கிடந்தது! பிள்ளைகள் பிழைத்துவிட்டார்கள்.

அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகள் நம் வீடுபோல் செங்கல் சுவர் வைத்தவை அல்ல. மரச்சட்டங்களை ஆணியடித்து இணைத்து, பலகை பொருத்திக் கட்டியவை. கூரையைச் சுவரோடு எத்தனை ஆணி பிடித்திருக்கிறது, சுவரை அடித்தளத்தோடு மறைகள் பிடித்திருக்கின்றனவா என்பதில்தான் உயிர் இருக்கிறது. இங்கேதான் ஃபுஜிட்டாவின் கணக்கில் ஒரு குறை தெரிந்தது. லப்பக் நகரில் உள்ள டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் அதைச் சுட்டிக்காட்டினார்கள். சரியாக ஆணியடிக்காத வீடு, அவர் சொன்ன வேகத்துக்கு வெகு முன்பே விழுந்துவிடும் என்றார்கள். அப்படியானால் எஃப்-5 என்று எழுதிய இடத்திலெல்லாம் காற்று அவ்வளவு வேகமாக வீசியிருக்க வேண்டும் என்பதில்லை. வேகம் உண்மையில் அத்தனை இல்லையென்றால், வீட்டை ஒழுங்காகக் கட்டினால் தப்பிக்கலாமே! இந்தக் குறையைக் கண்டுபிடித்தது எவ்வளவு பெரிய உதவி, பாருங்கள்.

அந்தப் பொறியாளர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். முழு வீடும் இடிந்து கிடக்கும் இடத்தில், நடுவிலுள்ள குளியலறையோ துணி வைக்கும் சின்ன அறையோ மட்டும் நின்றுகொண்டிருக்கும். நான்கு சுவர்களும் நெருக்கமாக நின்று ஒன்றையொன்று தாங்குவதுதான் காரணம். அப்படியானால் அந்த ஓர் அறையை மட்டும் கான்கிரீட்டாலோ இரும்பாலோ கட்டினால் என்ன? எர்னஸ்ட் கீஸ்லிங் என்ற பேராசிரியர் 1970களில் இந்த யோசனையை எடுத்துக்கொண்டு உழைத்தார். பாதுகாப்பு அறைகளின் சுவரைச் சோதிக்க, காற்றழுத்தப் பீரங்கியில் ஒரு மரச்சட்டத்தை வைத்து மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் சுவர்மீது ஏவுவார்கள். சாதாரண மரச்சுவரை அந்தச் சட்டம் அப்பளம்போல் துளைத்துவிடும். அதைத் தாங்கினால்தான் அந்தச் சுவர் தேறும். வீட்டுக்குள் இப்படி ஓர் அறை கட்டுவது எப்படி என்று 1998ல் அமெரிக்க அரசின் பேரிடர் முகமை மக்களுக்கு ஒரு கையேடே வெளியிட்டது. டொர்னாடோ வரும்போது வீடு வெடிக்காமலிருக்க எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட வேண்டும் என்ற பழைய நம்பிக்கையும் தவறு என்று பொறியாளர்கள் காட்டினார்கள். ஜன்னலைத் திறக்க ஓடும் நேரத்தில் உள்ளறைக்கு ஓடலாம். அடிநிலவறை இருந்தால் இன்னும் நல்லது. சக்கரத்தில் வைத்து இழுத்து வரும் நகரும் வீடுகளில் மட்டும் இருக்கவே கூடாது.

ஃபுஜிட்டா விமர்சனத்தை எப்படி எடுத்துக்கொண்டார்? உடனே ஏற்றுக்கொள்கிற ஆள் இல்லை அவர். தன் ஆய்வுகள் பலவற்றை மற்ற அறிஞர்கள் சரிபார்க்கும் இதழ்களுக்கு அனுப்பாமல், தானே அறிக்கையாக அச்சிட்டு வெளியிட்டுவிடுவார். அதனால் வீண் சந்தேகங்களும் வந்தன. இது அவருடைய குறை என்றுதான் நான் சொல்வேன். ஆனாலும் 1992ல் வெளியிட்ட தன் நினைவு நூலில், கட்டடத்தின் உறுதிக்கு ஏற்ப அளவைத் திருத்திக்கொள்ளும் முறையை அவரே சேர்த்தார்.

நாகசாகி மரங்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா? 1975 ஜூன் 24 அன்று நியூயார்க்கில் இறங்க வந்த விமானம் விழுந்து 113 பேர் இறந்தார்கள். காரணத்தை ஆராய்ந்த ஃபுஜிட்டாவுக்கு, ஒரு சூறைக்காட்டில் விமானத்திலிருந்து தான் கண்ட காட்சி நினைவுக்கு வந்தது. மரங்கள் ஒரு மையத்திலிருந்து நான்கு பக்கமும் வெளிப்புறமாகச் சாய்ந்து கிடந்தன, நாகசாகியில் பார்த்ததுபோலவே! இடிமேகத்திலிருந்து காற்று செங்குத்தாகக் கீழே பாய்ந்து, தரையில் மோதி, நான்கு புறமும் சிதறுகிறது. அதுதான் விமானத்தை வீழ்த்தியது என்றார். பலர் நம்பவில்லை. 1978ல் சிகாகோ அருகே ரேடார்களை நிறுத்தி அதைக் கண்டுபிடித்துக் காட்டினார். விமான நிலையங்களில் அதற்கென்றே எச்சரிக்கைக் கருவிகள் வந்தது அதற்குப் பிறகுதான்.

இத்தனை டொர்னாடோக்களை ஆராய்ந்தவர், ஒரு டொர்னாடோவையாவது நேரில் பார்த்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை! எப்போது போனாலும் அவருக்கு முன்பே காற்று போயிருக்கும். 1982 ஜூன் 12 அன்று டென்வர் நகருக்கு அருகில்தான் முதல்முறையாகத் தன் கண்ணால் பார்த்தார். அப்போது அவருக்கு வயது 61. பள்ளிப் பிள்ளைபோல மகிழ்ந்தாராம்.

1998 நவம்பர் 19 அன்று சிகாகோவில் ஃபுஜிட்டா காலமானார். அவருடைய அளவுகோலைப் பொறியாளர்களும் வானிலை அறிஞர்களும் கூடிப் பேசித் திருத்தினார்கள். டெக்சாஸ் டெக் பேராசிரியர் கிஷோர் மேத்தா அதில் முக்கியப் பங்கு வகித்தார். 2007 பிப்ரவரி முதல் அமெரிக்காவில் திருத்திய அளவுகோல் நடைமுறைக்கு வந்தது. வீடு, பள்ளிக்கூடம், கடை, மரம் என்று 28 வகையாகப் பிரித்து, எது எப்படி உடைந்தால் என்ன வேகம் என்று அதில் எழுதியிருக்கிறார்கள். ஐந்தாம் நிலை இப்போது மணிக்கு 322 கிலோமீட்டருக்கு மேலேயே தொடங்கிவிடுகிறது. அவர் பெயர் மட்டும் அதிலிருந்து போகவில்லை. அது இன்று மேம்படுத்திய ஃபுஜிட்டா அளவுகோல்.

2013க்குப் பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் எந்த டொர்னாடோவுக்கும் ஐந்தாம் எண் கிடைக்கவில்லை. 2025ல் வடக்கு டகோட்டாவில் எண்டர்லின் என்ற சிற்றூருக்கு அருகே ஒன்று வீசி மூன்று பேர் இறந்தார்கள். அது சரக்கு ரயில் ஒன்றைத் தடம்புரட்டி, பெட்டிகளைத் தூக்கி வீசியிருந்தது. அந்தப் பெட்டிகளின் எடை என்ன, எவ்வளவு தூரம் போய் விழுந்தன என்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். மூன்று மாதங்களுக்கு மேல் ஆயிற்று. அக்டோபரில்தான் ஐந்தாம் எண்ணைக் கொடுத்தார்கள். எண்டர்லின், ஃபார்கோவிலிருந்து அதிகத் தூரமில்லை. காற்று வீசிய தேதியைப் பார்த்தேன். ஜூன் 20. ஃபுஜிட்டா படம் படமாகச் சேர்த்து ஆராய்ந்த ஃபார்கோ டொர்னாடோ வீசியதும் அதே தேதிதான்.